ஒரு போனில் ஒரு ஜீப் ஆட்கள்

லோயர் கேம்ப்பைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினால், குமுளி வருவதற்கு முன்பே போன் கேரளாவுக்குப் போய்விடும். பஸ் இன்னும் தமிழ்நாட்டுப் பக்கம் வளைவு திரும்பிக்கொண்டிருக்கும். கையில் இருக்கும் போனில் மலையாளத்தில் நகைக்கடை விளம்பரம் ஓடும். இறங்கி வரும்போது அதே இடத்தில் தமிழ் ஜவுளிக்கடை வந்து உட்கார்ந்துவிடும். எல்லையோரத்தில் இருக்கிற எங்களுக்கு இது பழகிப்போன சங்கதி. டவர் மாறுவதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கிட்ட இருக்கிற டவரைத்தான் போன் பிடிக்கும். நான் எந்த வளைவில் இருக்கிறேன் என்பது விளம்பரக்காரருக்கு எப்படிப் போனது, அதைச் சொல்லச் சொன்னது யார் என்பதுதான் என் கேள்வி.

குமுளி மாதிரி எல்லை ஊர்களில் முன்பு வணிகவரிச் சோதனைச்சாவடிகள் இருந்தன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் அவற்றை எடுத்துவிட்டார்கள். லாரிக்காரர்கள் அந்தச் சாவடிகளை எவ்வளவோ திட்டியிருக்கிறார்கள், திட்டக் காரணமும் இருந்தது. ஆனாலும் கேட்கிற ஆள் கண்ணுக்குத் தெரிந்தார். எந்தத் தாளைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். போனுக்குள் இருக்கிற சாவடிகளில் தாள் திரும்பி வருவதே இல்லை.

நான் கம்பத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கூடவே ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கித் தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புகிறவர்கள். அவர்கள் போன்களைத் திறந்து மூடுவதுதான் என் பிழைப்பு என்பதால், அந்தப் போன்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. "உங்கள் தகவலை எடுத்துக்கொள்ளலாமா" என்று நம்மிடம் கேட்பது எப்போதும் நாம் மறுக்க முடியாத நேரத்தில்தான். பில் கவுண்டரில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது. பிள்ளைக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாளில். கையில் காசில்லாத மாதத்தில். அப்படி வாங்குகிற சம்மதத்தைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சின்னதில் தொடங்குகிறேன். குமுளியில் ஒரு துணிக்கடை. சட்டையை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தால், அந்தப் பெண் விலையைப் பார்ப்பதற்கு முன்பே, "நம்பர் பறயூ சேட்டா" என்றாள். நம்பர் வேண்டாம்மா, பில் மட்டும் போதும் என்றேன். தமிழில் சொன்னதும் அவளும் தமிழுக்கு வந்துவிட்டாள். "நம்பர் இல்லாம பில் வராது அண்ணா, சிஸ்டம் எடுக்காது." கம்பத்திலும் தேனியிலும் இதே பதில்தான். மொழி மட்டும்தான் வேறு.

இப்படி வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வணிகத் துறைக்கு அறிவுறுத்தியிருக்கிறது. நம்பர் தரவில்லை என்பதற்காகப் பொருளையோ சேவையையோ மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம் என்று துறைச் செயலாளரே சொன்னார். கவுண்டரில் நிற்கிற பெண்ணிடம் இதைச் சொல்லிச் சண்டை போட எனக்கு மனம் வராது. பத்து இலக்கம் நிரம்பாவிட்டால் அவள் திரை அடுத்த பக்கத்துக்கு நகராது. அப்படி மென்பொருளை எழுதச் சொன்னவர் அந்தக் கடையிலேயே இல்லை. ஆனால் கோபப்படாமல் கொஞ்ச நேரம் நின்றால் பல கடைகளில் அந்தப் பிள்ளைகளே ஒன்பதைப் பத்துத் தடவை அடித்து பில் போட்டுத் தருகிறார்கள். ஆக, நம்பர் இல்லாமலும் பில் வருகிறது.

புதுப் போன் வாங்கியவர் முதலில் பார்க்கும் திரைகளும் இப்படித்தான். மொழி தமிழ் என்று தேர்ந்தெடுத்தபின் பொத்தான்கள் தமிழுக்கு வந்துவிடும். நிபந்தனைகளை விரித்தால் பெரும்பாலும் பக்கம் பக்கமாக ஆங்கிலம். ஒப்புக்கொள்கிறேன் என்பது பெரிய நீலப் பொத்தான். வேண்டாம் என்பது எங்கோ ஓரத்தில் சாம்பல் நிறத்தில், சில திரைகளில் அதுவும் இல்லை. டார்ச் அடிக்கிற ஆப்புக்கு இருப்பிடம் எதற்கு? காலண்டர் ஆப்புக்கு மைக் எதற்கு? மாத்திரை வாங்கினால் எதற்கு என்று கேட்கிற மக்கள் இதைக் கேட்பதில்லை, ஏனென்றால் பதில் சொல்ல எதிரில் ஆள் இல்லை. டிவியும் இதே வழிக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனம், வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்பதைக் கேட்காமலே பதிவு செய்து விற்றதற்காக 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டியது. அதற்கு மேல் டிவியைப் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. எங்கள் ஊரைப் படுத்தி எடுத்தது வேறொன்று.

ஏலத்தில் காய் எடுப்பு முடிந்தபின் கோடையில் வேலை குறையும். ஜீப் வாரத்தில் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. வட்டிக்காரர்களும் குழுக் கடனும் அந்த மாதங்களை நம்பித்தான் இருந்தன. பிறகு கடன் ஆப் வந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் அக்கா. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம். கேட்டது ஐயாயிரம், கைக்கு வந்தது அதைவிடக் குறைவு, ஒரே வாரத்தில் முழுசாகத் திருப்பிக் கட்டச் சொன்னது. ஆப்பைப் போட்டதும் தொடர்புகளைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறது. அனுமதி கொடுக்காவிட்டால் அடுத்த பக்கம் வராது. அக்கா கொடுத்துவிட்டார்.

கெடு தாண்டிய மறுநாள், முதல் போன் அவருக்கு வரவில்லை. கங்காணிக்கு வந்தது. அடுத்து ஜீப் டிரைவருக்கு. அப்புறம் ஜீப்பில் கூட வருகிற பெண்கள் ஒவ்வொருவருக்கும், மகளின் பழைய டீச்சருக்கும், சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்கும். கேட்கவே கூசுகிற வார்த்தைகள். ஆதார் படத்தில் இருந்த முகத்தை வெட்டி ஒட்டி ஒரு படம். அக்கா போனை என் மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, இதை ஒடச்சுப் போட்டுறவா?" என்று கேட்டார். உடைத்தால் போன்தான் போகும். பட்டியல் அவர்கள் கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசி, புகார் பதிந்தோம். தொந்தரவு நிற்கிற வரைக்கும் அந்தப் பெண்கள் அவரை ஜீப்பில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள். அவர்கள் ஒருவர்கூட அவரைக் குறை சொல்லவில்லை. இதை நான் எழுதியே ஆக வேண்டும்.

அந்த வாரத்தில் ஜீப் டிரைவர் கடைக்கு வந்து கேட்ட கேள்வி இன்னும் எனக்குள் நிற்கிறது. "அண்ணே, நான் கடனே வாங்கலையே. என் நம்பரை யாருக்கும் குடுக்கலையே. அவனுக்கு எப்படிப் போச்சு?"

அவர் கொடுக்கவில்லை. அவர் நம்பர் அக்காவின் போனில் இருந்தது, விடியற்காலையில் ஜீப் எங்கே நிற்கிறது என்று கேட்பதற்காக. ஒருவர் அழுத்திய ஒரு பொத்தான் அவரிடம் நம்பர் கொடுத்து வைத்திருந்த அத்தனை பேரையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு மறுக்க ஒரு சாம்பல் நிறப் பொத்தான்கூட இல்லை. "என் தகவல், என் விருப்பம்" என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். என் போனில் இருக்கிற தொடர்புப் பட்டியல் என்னுடையது மட்டும் இல்லை. அதைக் கொடுக்கச் சம்மதம் சொல்லும் உரிமை எனக்கே முழுசாக இல்லாதபோது, கேட்கும் உரிமை ஒரு கம்பெனிக்கு எங்கிருந்து வந்தது?

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடனுக்கு விதிமுறை கொண்டுவந்தது. கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரத்தையும் படங்களையும் தொடக் கூடாது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருந்தது. கூகுளும் 2023 மே முதல் தனிநபர் கடன் ஆப்களுக்கு அதே தடையைத் தன் கடையில் போட்டது. நல்ல காரியம்தான். பல உயிர்கள் போனபின் வந்த நல்ல காரியம். இப்போது அந்த ஆப்கள், தட்டினால் நேராகப் போனில் ஏறிக்கொள்கிற ஏபிகே கோப்பாக வாட்ஸாப்பில் வருகின்றன. பிளே ஸ்டோர் பக்கமே போவதில்லை. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை அந்தக் கோப்பு வரும் வழியில் எங்கேயும் நிற்கவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது வேறொரு சந்தேகம். "தம்பி, நேத்து ராத்திரி குக்கர் வாங்கணும்னு வீட்டுல பேசினோம், காலையில போன்ல குக்கர் வருது. ஒட்டுக் கேக்குதா?" இந்தச் சந்தேகத்தை நான் சிரித்துத் தள்ளுவதில்லை, அப்படியே நம்புவதும் இல்லை. அமெரிக்காவில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மைக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்து பேச்சை அனுப்பியதாக ஓர் ஆப்பும் சிக்கவில்லை. ஆனால் திரையில் நாம் செய்வதைப் படமாகவும் வீடியோவாகவும் பிடித்து வேறு கம்பெனிக்கு அனுப்பிய சில ஆப்கள் சிக்கின. யாரும் தேடாத பக்கத்தில் அது இருந்தது.

குக்கர் விளம்பரத்துக்கு வருவோம். வீட்டுக்காரர் பேசினார், மகன் அதே வைஃபையில் தேடினான். மதினி போன மாதம் அதே குக்கரை ஆன்லைனில் வாங்கினார். இரண்டு போன்களும் ஞாயிற்றுக்கிழமை ஒரே வீட்டில் இருந்தன. இவ்வளவு தெரிந்தவர்களுக்கு ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இதை விளக்கினால் சிலர் நிம்மதியாகப் போகிறார்கள். எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை. ஒட்டுக்கேட்டால் மைக்கை அணைத்துவிடலாம். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களிடம் எதை அணைப்பது?

இந்த விஷயத்தில் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. 2020-இல் கொரோனா தகவல்களைக் கையாளும் வேலையைக் கேரள அரசு ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் கொடுத்தபோது அங்கே பெரிய சண்டை வந்தது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ரமேஷ் சென்னித்தலா விடாமல் கேட்டார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஏப்ரல் 24 அன்று இடைக்கால உத்தரவு வந்தது. ஆள் அடையாளத்தை நீக்கிய பிறகே தகவல் அந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும். வெளியார் ஒருவர் இதைப் பார்ப்பார் என்று மக்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். நோய் பரவிக்கொண்டிருந்த அவசரத்திலும் இதைக் கேட்க முடிந்தது. அதே மாதங்களில் நாங்களும் எல்லை தாண்ட இ-பாஸ் போட்டோம். அடையாள அட்டை, வண்டி நம்பர், போகிற காரணம், கூட வருகிறவர்கள் பெயர். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு அரசுக்கும் கொடுத்தோம். அந்தத் தகவல் இன்று எங்கே இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டு நான் கேள்விப்படவில்லை. துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்த மனிதர் எதைக் கேட்பார்?

ஆதாரும் அப்படித்தான். தோட்டத்தில் சேர ஒரு நகல், லாட்ஜில் தங்க ஒரு நகல், சிம் வாங்க, கேஸ் சிலிண்டருக்கு, எல்லாவற்றுக்கும் நகல். ஐயப்ப சீசனில் ஜெராக்ஸ் மெஷின் ஓய்வதில்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி, முகம், பன்னிரண்டு இலக்கம் எல்லாம் இருக்கிற தாள், வடை மடிக்கிற காகிதமாகத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கண்ட இடத்தில் நகல் கொடுக்காதீர்கள், அதைக் கொடுங்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே 27 அன்று அறிவிப்பு விட்டது. மே 29 அன்று மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறதாம், வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதுமாம். ஒரு மாதத்துக்கு ஒருவர் எத்தனை நகல் எடுக்கிறார் என்று என் மெஷினுக்குத் தெரியும். முதல் அறிவிப்புதான் சரியானது.

கைரேகை இன்னும் மோசம். காய் எடுத்து எடுத்துத் தேய்ந்த விரல்களை ரேஷன் கடை மெஷின் ஏற்காமல் பெண்கள் துடைத்துத் துடைத்து வைக்கிறார்கள். சொந்த விரலையே ஏற்காத அதே முறையில், பத்திரப்பதிவுத் தாள்களில் இருந்த ரேகையை அச்செடுத்து வங்கிப் பணத்தை உருவிய வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. கடவுச்சொல் போனால் மாற்றலாம். விரலுக்கு மாற்று இல்லை.

"நம்மகிட்ட மறைக்க என்னப்பா இருக்கு?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. குடிக்கிற புருஷனுக்குத் தெரியாமல் சிறுவாடு சேர்க்கிற பெண் என் கடைக்கு வருகிறார். வங்கி மெசேஜ் திரையில் தெரியாதபடி வைத்துத் தரச் சொல்வார். அந்தப் பணத்தில்தான் அவர் மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். மெசேஜ் படிக்க அனுமதி கேட்கிற ஏதோ ஒரு ஆப்புக்கு அந்தக் கணக்கின் இருப்பு தெரிய வேண்டிய காரணம் ஒன்றைக்கூட என்னால் யோசிக்க முடியவில்லை. மறைக்க வேண்டியது அவருக்கு இருக்கிறது. மறைப்பதில் ஒரு தப்பும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதற்கு ஆறு வருடம் கழித்து 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வரும், அதாவது 2027 மே. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இதை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் முழுவதும் படித்தால் மனம் கனக்கிறது. தவறு செய்த கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். ஜீப்பில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ஒரு ரூபாய் வராது. நஷ்டஈடு கேட்க வழி தந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் எடுத்துவிடுகிறது. அதே நேரம், பொய்யான அல்லது அற்பமான புகார் என்று முடிவானால் புகார் சொன்னவருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தோட்டக் கூலியில் அது எத்தனை நாள் சம்பளம்? சட்டம் எழுதியவர்கள் கவுண்டருக்கு எந்தப் பக்கம் நின்று எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கடன் வாங்காத டிரைவரின் நம்பர் எப்படிப் போனது என்ற கேள்விக்கு நேரான பதிலை நான் அதில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

2027 மே வரை காத்திருக்க முடியாது. ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். போனைக் கொண்டுவாருங்கள். எந்த ஆப் தொடர்புப் பட்டியலை வைத்திருக்கிறது, எது இருப்பிடத்தை எப்போதும் பார்க்கிறது என்று உங்கள் கண் முன்னாலேயே திறந்து காட்டுகிறேன். எதை நிறுத்துவது என்று நீங்கள் சொல்லுங்கள். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், ரேஷனுக்குத் தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். அதையும் சொல்லித் தருகிறேன். உங்கள் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்த்துவிடலாம். காசு வேண்டாம். உங்கள் நம்பரும் வேண்டாம், டோக்கன் எழுதித் தருகிறேன். ஜீப் ஏறுகிறவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் கடை திறந்திருக்கும்.